எதிராளியாக யாரை நினைத்துக்கொள்வது

ஜூன் 9, ஞாயிறு

அறுபத்தொரு வயதில் டிராக் பேன்ட் வாங்கினேன். எழுதி வைத்தால்தான் நாளைக்கு நானே நம்புவேன். கடைக்காரர் “பேத்திக்கா மேடம், என்ன சைஸ்?” என்று கேட்டார். ஆமாம், என் சைஸ்தான் இருப்பாள் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

காட்பாடி ரோட்டில் ஒரு ஜிம்மின் மாடியில் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு நடக்கிறது. இஸ்ரேல் ராணுவத்தில் சிப்பாய்களுக்குச் சொல்லித்தரும் முறையாம், பெயர் கிராவ் மகா. மாஸ்டர் ஒரு பெண், ரோஸ்லின். என் மகள் சுகந்தியைவிடச் சின்னவளாக இருப்பாள். எதற்குச் சேர வந்தீர்கள் என்றாள். சத்துவாச்சாரி பக்கம் சங்கிலி பறிப்பு அதிகமாகிவிட்டது என்றேன். என் கழுத்தில் கிடப்பது வெறும் மஞ்சள் கயிறு. அவள் அதைப் பார்த்துக்கொண்டே என் பெயரை எழுதிக்கொண்டாள்.

முதல் பாடம் அடிப்பது அல்ல, தட்டுவது. ஜோடியாகப் பழகும்போது பிடி வலித்தால் பிடித்தவரின் கையில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். உடனே அவர் விட்டுவிட வேண்டும். “இது டெக்னிக் இல்ல ஆன்ட்டி, கிளாஸ் மேனர்ஸ் அவ்வளவுதான். ரோட்டுல ரவுடியைத் தட்டிப் பாருங்க, விடுவானா?” என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

பிறகு கண்ணை மூடி எதிராளி ஒருவரை மனதில் நினைத்துக்கொள்ளச் சொன்னாள். பக்கத்தில் நின்ற பேங்க் பெண் தன் மேனேஜரை நினைத்தாளாம், பளார் பளாரென்று காற்றில் அறைந்தாள். என்னைக் கேட்டபோது முகம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது இவர் வராந்தா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வேலைக்கு வரும் கன்னியம்மாவைத்தான் துணைக்கு விட்டுப் போயிருந்தேன். “சார் நல்லாதாம்மா இருந்தாரு. பேப்பரைத் தலைகீழா வச்சிக்கினு படிச்சிக்கினு இருந்தாரு,” என்றாள்.

ஜூன் 12

தோள் கழன்றுவிடும் போல வலி. தைலம் தீர்ந்துவிட்டது. உளுந்து ஊறப்போட்டேன்.

ஜூன் 17

சேர்ந்தாகிவிட்டது, ஆனாலும் மனம் ஒப்பவில்லை. ஒரு கிரைண்டர் வாங்க நாலு கடை ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் முதல் கடைக்கே போய் நிற்கிறவள் நான். இவர் தூங்கும் நேரமெல்லாம் போனும் கையுமாக உட்கார்ந்து, எந்தெந்த தேசத்து ராணுவம் வெறுங்கைச் சண்டைக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறது என்று பார்த்தேன்.

இஸ்ரேல்காரர்களுடையது சீக்கிரம் வரும், என்னை மாதிரி ஆட்களுக்கும் வரும். தடுப்பதும் திருப்பிக் கொடுப்பதும் ஒரே மூச்சில் நடந்துவிட வேண்டும். ஆனால் எந்தப் பாடத்தை எடுத்தாலும் கண், தொண்டை, அடிவயிறு என்றே போகிறது. அமெரிக்க மெரைன்களுக்குக் கராத்தே போலப் பெல்ட் உண்டு. துப்பாக்கி முனைக் கத்தி, கழுத்துப் பிடி, கூடவே மன உறுதி, நன்னடத்தை எல்லாம் கற்றுத்தருகிறார்கள். என்னிடம் துப்பாக்கி இல்லை, நன்னடத்தை தேவைக்கு மேலேயே இருக்கிறது. ரஷ்யர்களின் சிஸ்டெமா வேறு தினுசு. மூச்சை விட்டு, உடம்பைத் தளர்த்தி, பிடித்தவன் இழுக்கிற பக்கமே போய்விடு என்கிறார்கள். வீடியோவில் தொட்டதுமே ஆட்கள் பொத்து பொத்தென்று விழுவதைப் பார்த்தால் முன்பே பேசி வைத்துக்கொண்டது போல இருந்தது.

நம் ராணுவத்து முறையைப் போனில் தேட வேண்டியதில்லை. ஜூடோ கொஞ்சம், மல்யுத்தம் கொஞ்சம், கத்தியைப் பிடுங்குவது கொஞ்சம். ரிட்டயர் ஆகும்வரை இவர் புதிதாகச் சேரும் ரெக்ரூட்டுகளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

எல்லாவற்றையும் ஒரே கேள்வி கேட்டுப் பார்க்கிறேன். எதிராளிக்கு அடிபடாமல் விடுபட முடியுமா? யாரும் அதற்குப் பதில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

இடது மணிக்கட்டு கதவில் இடித்துக்கொண்டது.

ஜூன் 24

கதவில் இடிக்கவில்லை. என் டைரியிலேயே நான் ஏன் பொய் எழுத வேண்டும்?

சுபேதார் தணிகைவேலுக்கு மறதி நோய். ஆரம்பித்து மூன்று வருஷமாகிறது. முதலில் சாவியை மறந்தார், பிறகு தெருவை, பிறகு என்னை. மூளை மறந்ததைக் கை மறக்கவில்லை. பின்னால் இருந்து யாராவது வந்தாலோ, சட்டைக் காலரில் கை பட்டாலோ, அந்தக் கை தானாகக் கிளம்பிவிடுகிறது. மணிக்கட்டைப் பிடித்து முறுக்கும், கழுத்தை வளைக்கும். சட்டை மாட்டிவிடாமல், பட்டன் போடாமல், முதுகு தேய்க்காமல் ஒரு மனுஷனை எப்படி வைத்துப் பார்த்துக்கொள்வது? கெஞ்சினாலும் கத்தினாலும் விட மாட்டார். முறைத்து நிற்கும் அந்த முகத்தில் என் புருஷன் இருக்க மாட்டார்.

சித்திரையில் சுகந்தி ஓசூரிலிருந்து வந்தபோது என் கழுத்துப் பக்கம் கன்றிப்போயிருந்ததைப் பார்த்துவிட்டாள். அன்றைக்குச் சமையலறையில் அழுதுகொண்டே சொன்னாள். “இன்னொரு தடவை உன் உடம்புல ஒரு காயத்தைப் பார்த்தேன்னா அப்பாவை ஹோம்ல சேர்த்துடுவேன்மா. ரெண்டு பேரையும் இழக்க என்னால முடியாது.” அவள் சொல்வதில் தப்பு இல்லை. போய்ப் பார்த்தும் வந்திருக்கிறாள். சுத்தமான இடம்தானாம். முரண்டு பிடிப்பவர்களைக் கட்டிலோடு கட்டிவைப்பார்களா என்று கேட்டேன். தேவைப்பட்டால்தான் என்றாள்.

அதனால்தான் இந்த டிராக் பேன்ட். என் உடம்பில் காயம் இல்லாதவரை இவர் இந்த வீட்டில் இருப்பார்.

ஜூலை 7, ஞாயிறு

மணிக்கட்டை விடுவிப்பது கற்றேன். பிடித்தவரின் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி வெடுக்கென்று இழுக்க வேண்டும், பிடி அங்கேதான் பலவீனமாம். ரோஸ்லின் பிடித்தால் எனக்கு வருகிறது.

வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “பிடிச்சவங்களுக்கு வலிக்காம விடுவிச்சுக்க ஏதாச்சும் இருக்காம்மா?”

“ஆன்ட்டி, நீங்க திருடனுக்குக் காபி போட்டுக் குடுத்து அனுப்புவீங்க போலிருக்கே,” என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என் மணிக்கட்டையே பார்த்தாள். “வீட்லயா ஆன்ட்டி?”

ஸ்கூட்டி ஸ்டாண்டில் இடித்துக்கொண்டது என்றேன். எனக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியாது.

ஜூலை 10

வீட்டில் கட்டைவிரல் வித்தை பலிக்கவில்லை. ஊருக்கே அதைச் சொல்லிக்கொடுத்தவருக்குத் தன் கட்டைவிரலைக் காப்பாற்றத் தெரியாதா?

ஜூலை 21, ஞாயிறு

இதை எழுதவே கூடாது என்று நினைத்தேன்.

காலையில் சட்டை மாட்டும்போது காலர் மடங்கியிருந்தது. என் புத்தி எங்கே போனதோ, பின்னால் நின்று சரிசெய்தேன். சட்டென்று திரும்பிக் கழுத்தை வளைத்துவிட்டார். எனக்கு மூச்சு முட்டியது. வகுப்பில் பழகிய கை, நான் சொல்லாமலேயே முழங்கையால் அவர் விலாவில் இடித்தது. நன்றாகவே இடித்தது. ரோஸ்லின் பார்த்திருந்தால் சபாஷ் சொல்லியிருப்பாள்.

விட்டுவிட்டார். அப்படியே கட்டிலில் உட்கார்ந்து விலாவைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தேம்பினார். நான் ஓடிப்போய்த் தைலம் எடுத்துவந்து தேய்த்தேன். அங்கே சிவந்து தடித்திருந்தது. என் முகத்தை நிமிர்ந்து பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார். “சிஸ்டர், யாரோ என்னை அடிச்சிட்டாங்க. எங்க வீட்ல சொல்லிடாதீங்க. அம்சா பயந்துடுவா.”

சொல்ல மாட்டேன் சார் என்றேன்.

முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் என்னை ஒரு கிள்ளு கிள்ளியதில்லை இந்த மனுஷன். கல்யாணமான புதிதில் யூனிட்டுக்குத் திரும்பும்போது, கையைப் பிடித்து விடைபெறவே வெட்கப்பட்டு அட்டென்ஷனில் நின்றவர். அவரை நான் அடித்திருக்கிறேன். அழுது தீரவில்லை.

ஜூலை 22

இனி வகுப்புக்குப் போகப் போவதில்லை. டிராக் பேன்ட்டைக் கன்னியம்மா மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கடைசியில் ரஷ்யாவையும் விட்டுவைக்கவில்லை. அவர் பிடித்ததும் மூச்சை விட்டு, தோளைத் தளர்த்தி, இழுத்த பக்கமே போனேன். போய் அலமாரியில் மோதிக்கொண்டேன். அங்கே விழுந்துகிடந்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலேயே. அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே பழையது.

நெற்றியில் புடைப்பு. சுகந்தி வீடியோவில் கூப்பிட்டாள், வெறும் குரலில் பேசினேன். நெட் சரியில்லை என்றேன்.

ஆகஸ்ட் 9

சுகந்தி மறுபடியும் கூப்பிட்டாள். ஆயுத பூஜைக்கு வருகிறாளாம். “அந்த ஹோம்ல ஒரு ரூம் காலியாவுது. வந்து முடிவு பண்ணிக்கலாம்மா,” என்றாள். சாம்பார் தீய்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 15

இவரிடம் பயிற்சி எடுத்த ஹவில்தார் ஏழுமலை வந்திருந்தார். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் கொடியேற்றிவிட்டு, மிட்டாய்ப் பெட்டியும் கையுமாக, “சாப்பைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்மா,” என்றார். பட்டாளத்தில் இவருக்கு அதுதான் பெயர், சாப். வாசலில் நின்று விறைப்பாக ஒரு சல்யூட். இவரும் எழுந்து சல்யூட் அடித்தார். யாரென்று தெரிந்து அடித்த மாதிரி இல்லை. ஏழுமலைக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க மிட்டாய்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

காபி கொடுத்துவிட்டுப் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். இத்தனை நாட்டு முறை இருக்கிறதே, எது தேவலை?

“எல்லாம் ஒண்ணுதாம்மா. கைக்கு எத்தினி பக்கம் இருக்கு, அத்தினி பக்கந்தான் முறுக்க முடியும். சொல்லிக் குடுக்கற ஆளுதான் முக்கியம்.”

“உங்க சாப் பிடிச்சா அதிலிருந்து எப்படித் தப்பிப்பீங்க?”

“சாப் பிடியா?” என்று சிரித்தார். “அதுல இருந்து ஒருத்தனும் வெளிய வந்தது இல்லமா. நாங்க பண்றது ஒண்ணே ஒண்ணுதான். தட்டிடுவோம். ரெண்டு தட்டு, அந்த நொடியே கை வந்துடும். அதுல அவ்ளோ கண்டிப்பு. ஒரு வாட்டி இன்னொரு இன்ஸ்ட்ரக்டர், ரெக்ரூட்டு தட்டியும் விடாம பிடிச்சிக்கினு இருந்தாரு. சாப் அவரைக் கூப்ட்டு எல்லார் எதிர்லயும் சொன்னாரு, தட்டினப்புறம் விடாதவன் சோல்ஜர் இல்ல, ரவுடின்னு.”

காபி டம்ளரை வாங்கக் கை நீட்டினேன். ஏழுமலை என் நெற்றியைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.  போகும்போது, “முன்கையில தட்டணும்மா. ரெண்டே தட்டு, பளிச்சுனு. தடவினா தெரியாது,” என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

நாலு தேசத்தை அலசினேனே. எல்லோரும் முதல் நாளே சொல்லித்தருவது இது. டெக்னிக் இல்லை என்று ரோஸ்லின் சொன்னதும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வேண்டுமென்றே காலரைத் தொடவில்லை. தலை துவட்டும்போது தானாகவே நடந்தது. மணிக்கட்டு முறுகியது. முன்கையில் தட்டினேன், ஒன்று, இரண்டு.

விட்டுவிட்டார். அந்த நொடியே. ஒரு அடி பின்னால் போய், காலைச் சேர்த்து நிமிர்ந்து நின்று, “ஷாபாஷ். அடுத்த ஆள்,” என்றார்.

 தலையைத் துவட்டி முடித்துவிட்டு, அவருக்குப் பிடித்த ரவா கேசரி கிளறினேன்.

செப்டம்பர் 3

இப்போதெல்லாம் பயமில்லை. பிடிப்பார், தட்டுவேன், விடுவார். ஷாபாஷ், அடுத்த ஆள். கன்னியம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். “நம்ம சார்க்கு இன்னா ஒரு டிசிப்ளின் பாருமா,” என்று பெருமைப்படுகிறாள்.

செப்டம்பர் 19

அப்பளம் பொரிக்கும்போது ரேடியோவை அணைக்க அவரே எழுந்துபோனார். நல்ல நாள்.

மனதில் ஒரு குறை இருக்கிறது, எழுதிவிடுகிறேன். முன்பாவது எப்போதாவது சிஸ்டர் என்பார், மேடம் என்பார். இப்போது அவருக்கு நான் ரெக்ரூட். வரிசையில் நிற்கும் யாரோ ஒரு பையன். காயமில்லாமல் இருக்கிறேன், அதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. சுகந்தி வந்திருக்கிறாள். வந்ததும் வராததுமாக என் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிப் பார்த்தாள், கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள், பூசணிக்காய் வாங்குகிற மாதிரி. ஒன்றும் இல்லை.

“எப்படிம்மா?”

காட்டினேன். அவளையே அப்பாவின் தோளைத் தொடச் சொன்னேன். பிடித்தார். தட்டினாள், விட்டார். அவள் அவர் மார்பில் சாய்ந்து அழுதாள். இவர் என்ன செய்வதென்று தெரியாமல் அட்டென்ஷனில் நின்றார்.

இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள். “அந்த ரூம் வேணாம்னு சொல்லிட்டேன்மா. ஆனா ஒண்ணு, மறுபடியும் ஒரு கீறலைப் பார்த்தேன்னா பேச்சே கிடையாது. நேரா ஹோம்தான்.” சரி என்றேன். பொரியலில் உப்பு குறைவு என்றும் சொன்னாள்.

அக்டோபர் 31, தீபாவளி

சுகந்திக்கு இந்த வருஷம் மாமியார் வீட்டில் தீபாவளி. நாங்கள் இரண்டு பேர்தான்.

விடிந்ததும் இவரை மணையில் உட்காரவைத்து, நல்லெண்ணெயைக் காய்ச்சி உச்சியில் வைத்தேன். தெருவில் வெடிச் சத்தம். பயப்படுவார் என்று நினைத்தேன், பயப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுகமாகத் தலையைக் கொடுத்தார். எண்ணெய் காதோரம் வழிந்தது. துடைக்கப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்தார்.

முறுக்கவில்லை. மெதுவாகப் பிடித்திருந்தார், பூனைக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். “அம்சா, நீ எண்ணெ வச்சிக்கினியா?” என்றார்.

அதற்குள் என் இன்னொரு கை தட்டிவிட்டது. முன்கையில், பளிச்சென்று, ஒன்று, இரண்டு. நான் தட்டவில்லை. சத்தியமாக நான் தட்டவில்லை. பழகிப்போன கை தட்டிவிட்டது.

உடனே விட்டுவிட்டார். மணையிலிருந்து எழுந்தார், எண்ணெய் வழிய வழியக் காலைச் சேர்த்து நின்றார். முகம் மாறிவிட்டது. “ஷாபாஷ்,” என்றார்.

“என்னங்க, நான் இன்னும் வச்சுக்கலைங்க. என்னைப் பாருங்க, அம்சாங்க,” என்றேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். என் தலைக்கு மேலே எங்கேயோ, மைதானத்தின் அடுத்த முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அடுத்த ஆள்,” என்றார்.

வேறு யார் இருக்கிறார்கள் அங்கே? நானே போய் எதிரில் நின்று கையை நீட்டினேன். பிடித்தார். ரெக்ரூட்டைப் பிடிக்கிற பிடி, முறுக்கிப் பின்னால் வளைத்தார். எலும்பு வரை வலித்தது. திரும்பவும் அந்தக் கை இளகும், திரும்பவும் கூப்பிடுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். கன்னியம்மா பலகாரத் தட்டோடு உள்ளே வந்து, “தட்டுமா, தட்டு, ஏன் சும்மா கீறே?” என்று கத்துவது கேட்டது.

தட்டவில்லை. கடைசியில் அவள்தான் ஓடிவந்து தட்டினாள்.

நவம்பர் 1

சுகந்தி நாளைக்கு வருகிறாள். முழுக்கை ரவிக்கை ஒன்று பெட்டியில் கிடந்தது. இடது கையை அசைக்க முடியவில்லை, கன்னியம்மாதான் துவைத்துப் போட்டாள். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும்.